வீட்டுக்கார அன்ரியின் இரண்டு அம்மாக்கள்

எனக்கு இரண்டு அம்மாக்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் நான் ஒருபோதும் ஒளித்ததில்லை. அது ஒளிக்கவேண்டிய விஷயம் என்று மெல்போர்னுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பையன்களின் முகம் காதுவரை சிவந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐயா, அதாவது என் அப்பா, பெரியம்மாவைக் கட்டிப் பத்து வருடமாகப் பிள்ளை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பெரியம்மா ஊர் வாயை அடைக்கத் தானே புறப்பட்டார். தூரத்து உறவில், தகப்பன் இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து, பேசி, நாளும் குறித்துக்கொண்டு வந்துதான் ஐயாவிடம் சொன்னாராம். அந்தப் பெண்தான் என் அம்மா. கோயிலில் தாலி கட்டினார்கள். அரசாங்கக் கந்தோரில் பதியவில்லை, பதியவும் முடியாது, சட்டப்படி ஐயாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒரே பிள்ளை. அம்மா பெற்றார், பெரியம்மா அடித்தார், சோறு யார் கையில் கிடைத்தாலும் சாப்பிட்டேன். அவர்கள் இருவரும் உப்புக் கூடிப்போனதற்கும் குறைந்துபோனதற்கும் நாள்தோறும் சண்டை பிடிப்பார்கள். ஐயா ஒரு வார்த்தை பேசினால் மட்டும் இருவரும் ஒரு கட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடிந்து நான் மெல்போர்னுக்கு வந்தேன். என் கணவர் என்ஜினியர், எனக்கு முன்பே வந்து வேலையில் இருந்தார். ஸ்பிரிங்வேலில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பாதியில் வீட்டின் சொந்தக்காரி, எண்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார விதவை. பிறந்தது அமெரிக்காவில், உப்பு ஏரி இருக்கும் யூட்டா மாநிலத்தில். வாலிப வயதில் ஓர் ஆஸ்திரேலியரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். நான் வந்த அன்றே எங்கள் வழக்கப்படி அவரை 'அன்ரி' என்று கூப்பிட்டேன். கையில் இருந்த தோட்டக் கத்தரிக்கோலோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். "இங்க ஆக்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம், நீ அவவைக் குழப்பிப்போட்டாய்" என்றார் கணவர். ஆனால் அன்ரி பெயரைச் சொல்லவே இல்லை. கடைசிவரை அன்ரியாகவே இருந்தார்.

அன்ரி மோர்மன் சமயத்தவர், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அப்போது எனக்கு அது என்ன சமயம் என்று தெரியாது. தேத்தண்ணி குடிக்காத சமயம் என்று மட்டும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆசையாக, நிறையச் சீனி போட்டு, இஞ்சி தட்டிப்போட்டுக் கொண்டுபோன தேத்தண்ணியை அவர் தொடவில்லை. எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களையோ நாம் போன வீட்டுக்காரரையோ தேத்தண்ணி இல்லாமல் விடுவது என் கைக்குத் தெரியாத பழக்கம். கோப்பியும் கூடாதாம். "தேத்தண்ணி குடிக்காட்டி அந்தாக்கள் என்னத்தை வைச்சுக் கதைக்கிறவை?" என்று கணவர் கேட்டார். பிறகு நான் மல்லி அவித்த தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். தடிமன், சளிக்கு நாங்கள் குடிக்கும் அதே கொத்தமல்லித் தண்ணீர்தான். அன்ரி கோப்பையை மணந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுத்த நாளும் கேட்டார். அத்தோடு எங்களுக்குள் ஒட்டிவிட்டது.

அந்த வெள்ளைச் சட்டைப் பையன்கள் அமெரிக்காவிலிருந்து சமயம் பரப்ப வந்தவர்கள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார். அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார். நல்ல பிள்ளைகள். அவித்த உருளைக்கிழங்கை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். கணவர் வழக்கம்போலப் பேசவில்லை. மேசையில் யாரும் பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, மோர்மன்காரர் முந்தி நாலைந்து பெண்டாட்டி கட்டியவர்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் சிரிப்பாகச் சொன்னாள். நான் உறவு முறையாக எடுத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்து, நம்மைப்போல ஒரு சனத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு புளகாங்கிதம்.

"உங்கள் ஆக்களும் இரண்டு மூன்று கலியாணம் செய்வார்களாமே. எங்கள் ஐயாவுக்கும் இரண்டு மனைவிமார். ஒரே குசினிதான், ஒரே அடுப்புத்தான்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன்.

ஒருவனுக்குக் கிழங்கு தொண்டையில் சிக்கியது. மற்றவன், அது மிகப் பழைய காலத்துக் கதை என்றும் இப்போது அப்படிச் செய்தால் சபையை விட்டே தள்ளிவிடுவார்கள் என்றும் மனப்பாடம் செய்தது போலச் சொன்னான். அன்ரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

எங்கள் பாதிக்கு வந்ததும் கணவர் தலையில் கைவைத்தார். "உனக்கு விசரே? சாப்பாட்டு மேசையில கதைக்கிற கதையே அது?"

"எங்கட வீட்டுக் கதையைத்தானே சொன்னனான். இதில என்ன வெக்கம்?"

"எங்களுக்கு இல்லை. அவைக்கு வெக்கம்."

அந்த வாரம் அன்ரி மல்லித் தண்ணீருக்கு வரவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். ஆனால் தனியாக இருக்கும் மனுஷி, என் வாயால் அவர் மனம் நொந்துவிட்டதே என்று உள்ளே அரித்தது. மறு சனிக்கிழமை கோப்பையோடு போய் அவர் கதவைத் தட்டினேன். அன்ரி திறந்தார். உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சிறை உடுப்பில், தாடி வைத்த ஒரு மனிதர். பிடிபட்ட கள்ளனைப்போல இல்லை, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"இது என்ர அப்பா" என்றார் அன்ரி. "நான் இரண்டாம் மனுசியின்ர பிள்ளை."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு இப்போதும் அந்தக் கதை அம்மாவின் குரலில்தான் கேட்கிறது.

"அரசாங்கம் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாச் சட்டம் போட்டுது. முதல் சட்டத்துக்கு ஒருத்தரும் பயப்பிடேல்லை. கலியாணம் நடந்ததெண்டு நிரூபிக்க ஏலாது, எங்கட ஆக்கள் சாட்சி சொல்லமாட்டினம். பிறகு வேற மாதிரிப் போட்டாங்கள். கலியாணத்தை நிரூபிக்கத் தேவையில்லை, இரண்டு பொம்பிளையளோட குடும்பமா இருக்கிறதைக் காட்டினாலே மறியல், சிறைதான். அதுக்குப் பிறகு பொலிஸ் அதிகாரியள் வீடு வீடா வந்தாங்கள். வயித்தில பிள்ளையோட நிக்கிற இரண்டாம் மனுசிதான் சாட்சி. அம்மா ஒளிச்சுத் திரிஞ்சா. நான் பிறந்தது ஆரோ ஒருத்தற்ற வீட்டில, ஆரோ ஒருத்தற்ற பேரில. என்ர அண்ணாவுக்கு அப்ப நாலு வயசு. உன்ர அப்பா ஆரெண்டு கேட்டால், தெரியாது எண்டு சொல்லப் பழக்கி வைச்சிருந்தவை."

"மற்றவ? மூத்தவ?" என்று கேட்டேன்.

அன்ரி கொஞ்சம் சிரித்தார். "எல்லாரும் அப்பாவைப் பற்றித்தான் கேப்பினம். நீதான் அவவைக் கேக்கிறாய். நாங்கள் அவவை அன்ரி எண்டு கூப்பிடுவம், நீ என்னைக் கூப்பிடுற மாதிரி. இரண்டாம் கலியாணம் நடந்த புதுசில மூத்தவ கதவைப் பூட்டிக்கொண்டு அழுதவவாம். அதை நான் மறைக்கமாட்டன். பிறகு எப்பிடியோ இரண்டு பேரும் ஒண்டா மாப் பிசைஞ்சு பாண் சுட்டினம், ஒண்டாப் பிள்ளை பெத்தினம். ஒளிச்சிருந்த வீட்டுக்கு அம்மாவுக்குப் பாண் கொண்டு வந்தது அப்பா இல்லை, அன்ரிதான். அப்பா ஆறு மாசம் மறியலில இருந்திட்டு வந்தார். பிறகு சபையும் உந்தக் கலியாணங்கள் இனி வேண்டாமெண்டு கைவிட்டிட்டுது. அப்பா மூத்தவவோட இருந்தார், எங்களை வேற ஊரில வைச்சார். வண்டியில போனால் ஒரு நாள் பயணம். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தால் திரும்பவும் வழக்கு வரும் எண்ட பயம். அப்பா இடைக்கிடை மறைஞ்சு வருவார். ஆனா அந்தப் பொம்பிளையள் இரண்டு பேரும் பிறகு சந்திக்கவே இல்லை. அன்ரி செத்த செய்தி செத்தவீடெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கு வந்தது. அம்மா பாண் பிசைஞ்சுகொண்டு நிண்டவ. மாவுக் கையோட நிலத்தில இருந்திட்டா. அப்பா செத்தபோதும் அம்மா அப்பிடி இருக்கேல்லை."

நான் அழுதுவிட்டேன். அன்ரி அழவில்லை. "மல்லித் தண்ணி ஆறுது" என்று கோப்பையை எடுத்துக் குடித்தார்.

பிறகு நகர நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்தேன். அன்ரி சொன்னது எல்லாம் இருந்தது, சொல்லாததும் இருந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஏற்கனவே வாக்குரிமை இருந்ததாம். அவர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டமே அதையும் பறித்துக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஆனால் சின்னப் பெண்களைக் கிழவர்களுக்குக் கட்டிவைத்த கதைகளும் அதே புத்தகத்தில் இருந்தன. அவற்றைப் படித்தபோது சட்டம் போட்டவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டு மூன்று பெண்டாட்டி கட்டும் ஏற்பாட்டில் எனக்கு ஒரு துளி விருப்பமும் இல்லை. "ஐயாவைப்போல யோசிச்சியளெண்டால் மற்றவவும் நானும் ஒரு கட்சியாகி உங்களை வெளியில விடுவம்" என்று கணவரிடம் கலியாணமான வாரமே சொல்லியிருக்கிறேன். என் கவலையெல்லாம் அந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான். புருஷனைப் பிரிப்பதற்குச் சட்டம் இருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லை.

அதே சிக்கல் என் வீட்டு வாசலுக்கே வரும் என்று அப்போது நினைக்கவில்லை. ஐயா காலமானார். யாழ்ப்பாணத்து வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் மட்டும். அடுத்த வருடம் நான் பிள்ளைத்தாய்ச்சி. இருவரையும் இங்கே எடுத்து என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். குடிவரவுக் கந்தோரில் இருந்த அதிகாரி தன்மையான மனிதர். பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு, பெற்ற தாய் நிரந்தரமாக வந்து இருக்கலாம் என்றார். மற்றப் பெண்மணி உங்களுக்கு என்ன உறவு?

"அவவும் அம்மாதான்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அது முடியாது என்றார். பெரியம்மா ஐயாவின் சட்டபூர்வமான மனைவி, ஆனால் எனக்குத் தாய் இல்லை. அம்மா எனக்குத் தாய், ஆனால் ஐயாவுக்கு மனைவி இல்லை. யாழ்ப்பாணத்துச் சட்டத்தில் ஒருவர் இல்லை, ஆஸ்திரேலியச் சட்டத்தில் மற்றவர் இல்லை. பெரியம்மா விருந்தாளியாக வரலாம், ஆறு மாதம். சரி, முதலில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரையும் கூப்பிட்டேன்.

அந்த ஆறு மாதமும் எங்கள் குசினி யாழ்ப்பாணமாகவே இருந்தது. உப்புச் சண்டை முதல் நாளே தொடங்கியது. மகன் பிறந்தான். குளிப்பாட்டுவது பெரியம்மா, எண்ணெய் பூசுவது அம்மா, எனக்குப் பிள்ளையைத் தூக்கவே முறை வராது. குளிருக்குப் பெரியம்மாவின் முழங்கால் வீங்கியது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டுவார், பெரியம்மா காலை நீட்டிக்கொண்டே திட்டுவார். இதையெல்லாம் பார்க்க அன்ரி நாள்தோறும் வந்துவிடுவார். மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, அவர்களோடு பேச ஒரு வார்த்தைகூடத் தெரியாமல், வாயைத் திறந்துகொண்டு பார்த்திருப்பார்.

"உந்தக் கிழவி என்னத்தைப் பிள்ளை உப்பிடிப் பாக்குது? எங்கட முகத்தில படமே ஓடுது?" என்று பெரியம்மா கேட்டார்.

நான் அன்ரியின் கதையைச் சொன்னேன். அன்று பெரியம்மா தன் கையால் மல்லி அவித்து, கோப்பையை அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் கன்னத்தைத் தடவினார். அதற்குப் பிறகு அன்ரிக்கும் உப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. இருவரும் கரண்டியை நீட்டுவார்கள், அன்ரி எப்போதும் பெரியம்மா பக்கமே தீர்ப்புச் சொல்வார். அம்மா முறைப்பார்.

ஆறு மாதம் முடியப் போனது. நீடிக்கச் சொல்லி எழுதினோம், மறுத்துவிட்டார்கள். நான் ஒரு திட்டம் போட்டேன். பெரியம்மாவை ஊரில் ஐயாவின் தங்கை வீட்டில் விடலாம், மாதாமாதம் செலவுக்கு அனுப்பலாம், அம்மா இங்கேயே இருக்கட்டும். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அம்மாவை விட எனக்கு மனமில்லை. பிறந்த நாட்டை விட்டு வந்து, பிள்ளையைப் பெற்று, அப்போதுதான் ஒரு வீடு வீடாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் திட்டத்தைச் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நானும் போறன்" என்றார்.

"அம்மா, நீங்கள் இங்க நிரந்தரமா இருக்கலாம். திரும்பிப் போனால் அந்த அனுமதி போயிடும். பிறகு இன்னொருக்கால் கிடைக்குமோ தெரியாது."

"போனால் போகட்டும்."

"விசரி" என்று பெரியம்மா வெடித்தார். "பேரப்பிள்ளையை விட்டிட்டு என்ர முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்க வாறியோ? நில்லடி இங்க. எனக்கு ஒருத்தரும் வேண்டாம்."

"நீங்கள் சும்மா இருங்கோ அக்கா."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நான் உங்கட வயித்தில பிறந்த பிள்ளை. நான் பெரிசில்லையோ?" என்று கத்திவிட்டேன்.

அம்மா என் தலையில் இடது கையை வைத்தார். "நீதான் பெரிசு. ஆனா உனக்கு இவர் இருக்கிறார், பிள்ளை இருக்கு. நாளைக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால் இந்த நாடு பாக்கும். அவவுக்கு ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லாத என்னைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனவ அவ. உன்ர ஐயா இல்லை."

பெரியம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

விமான நிலையத்துக்கு அன்ரியும் வருவேன் என்று அடம்பிடித்தார். தன் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, முன்னிருக்கையில் ஏறி இருந்துவிட்டார். வழியெல்லாம் நான் அழுதேன். பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் பிள்ளையை மடி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். வாசலில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வாறன்" என்றார். வரமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பெரியம்மா என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டு நடந்தார். உள்ளே போகும்போதே பையை யார் தூக்குவது என்று சண்டை தொடங்கிவிட்டது. அம்மா பையைப் பறித்து ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடும்வரை பார்த்தேன். அம்மா ஒருமுறை திரும்பினார். பெரியம்மாவின் கால் தடுமாறியது, உடனே அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பக்கத்தில் ஆறுதலுக்கு ஒரு கை வரும் என்று அன்ரியைப் பார்த்தேன். அன்ரி சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா போகிறார், இவருக்கு என்ன சிரிப்பு?

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து தொப்பியின் நாடாவை நனைத்தது, சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"ஒண்டாப் போகினம்" என்றார். "பார் பிள்ளை, இரண்டு பேரும் ஒண்டாப் போகினம்."